கோடு யாருக்குச் சொந்தம்

முப்பத்தொரு வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் முழங்காலைப் பார்ப்பார்கள். முழங்கால்தான் காரணம். ஒன்பது ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் பந்து பிடிக்கும் கச்சரின் தோளுக்குப் பின்னால் குந்திக் குந்தி எழும்பியதில் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, நடக்கலாம், சைக்கிள் ஓடலாம், கலியாண வீட்டிலை ஆடலாம். குந்தக்கூடாது" என்றார். குந்தாத பேஸ்போல் நடுவர் கிடையாது. வார நாட்களில் எங்கள் தீவில், ஊர்காவற்றுறையில் ஓர் அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக இருக்கிறேன். அந்த வேலைக்கு முழங்கால் தேவையில்லை, அது தொடர்கிறது. நான் ஓய்வு பெற்றது சனிக்கிழமைகளிலிருந்து மட்டும்தான்.

நடுவர் பயிற்சிக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னையும் தங்கள் வட்ஸ்அப் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். கிழமைக்கு ஒருத்தியாவது ஒரே கேள்வியைக் கேட்கிறாள்: "அக்கா, ஓடுறவளும் பந்து பிடிக்கிறவளும் முட்டினா ஆரிலை பிழை?" பெருவிரலால் பதில் எழுதிக்கொண்டிருந்தால் அதுவும் ஓய்வு கேட்கும். அதனால் ஒருமுறை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பா கடற்றொழில். அவருக்கும் அம்மாவுக்கும் கையெழுத்து வைக்கத் தெரியும், அவ்வளவுதான். பத்து வயதிலிருந்து வீட்டுக்கு வரும் கடதாசியெல்லாம் என்னிடம்தான் வரும். மருந்துத் துண்டு, படகுப் பதிவு, பக்கத்து வீட்டுக்கு வந்த வெளிநாட்டுக் கடிதம் எல்லாம் நான்தான் வாசிப்பேன். தெரியாத சொல் வந்தாலும் நிறுத்தமாட்டேன். தெரிந்த மாதிரியே வாசித்துவிடுவேன். பதினாலு வயதில் சிங்களத்தில் வந்த ஓர் அரசாங்கக் கந்தோர்க் கடிதத்தையும் அப்படித்தான் வாசித்து, போகவேண்டிய நாளைச் சொன்னேன். அப்பா வெள்ளைச் சேட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு பஸ்ஸேறி யாழ்ப்பாணம் போனார். கந்தோர் பூட்டு. மத்தியானம் திரும்பி வந்து அம்மாவிடம், "அவங்கள் நாளை மாத்திப்போட்டாங்கள். என்ரை பிள்ளை பிழையாய் வாசியாள்" என்றார். நான் குசினிக்குள் நின்று கேட்டேன். வெளியே வரவில்லை.

நடுவர் வேலையில் என்னை நிமிர்த்தி வைத்ததும் பிறகு தடுக்கி விழுத்தியதும் இந்தக் குணம்தான்.

பேஸ்போலுக்கு நான் வந்த கதை சின்னது. பாடசாலையில் விளையாடினேன், பெரிய கெட்டிக்காரி இல்லை. யாழ்ப்பாணத்தில் நாலு நாள் நடுவர் பயிற்சி என்று அறிவித்தார்கள், போனேன். விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் என் கொப்பியில் எழுதிக்கொண்டேன். பரீட்சையில் முதலாவதாக வந்தேன். ஆசுப்பத்திரி றோட்டில் வாங்கிய சாம்பல் நிறக் காற்சட்டையோடு வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "உதைப் போட்டுக்கொண்டோ ஆக்களுக்குத் தீர்ப்புச் சொல்லப் போறாய்?"

எங்கள் நடுவர் குழுவின் தலைவி பிறேமா அக்கா. தபாற் கந்தோரில் வேலை. முத்திரை குத்துவது போலத்தான் பேசுவார், ஒரு தடவை, ஒரே அழுத்தம். ஹோம் பிளேற் என்பது நிலத்தில் பதித்த ஐந்து மூலை றப்பர்ப் பலகை. ஓடுகிறவள் மற்ற மூன்று பேஸ்களையும் சுற்றி வந்து அதை மிதித்தால் ஓர் ஓட்டம். அதன் மேல் மண் படிந்தால் நடுவர் குனிந்து தூரிகையால் துடைக்கவேண்டும். அக்கா ஒவ்வொரு தடவையும் சுற்றிப்போய் நின்று, சனத்தைப் பார்த்தபடிதான் குனிவார். "சனத்துக்கு முகத்தைக் காட்டும், ஜெனி. முதுகைப் பந்தெறியிற பிற்சர் பாக்கட்டும்."

பிழை என்ற சொல் அவர் வாயில் வராது. "ம்" என்பார். அந்த "ம்" மூன்று வகை. குறுகிய "ம்" என்றால் சரி. நீண்ட "ம்" என்றால் இன்னொருக்கா யோசியும். மூக்கால் வரும் "ம்" என்றால் பஸ்ஸில் ஏறும்வரை பொறும், அங்கே கதைப்போம். பஸ்ஸில் அவர் கேட்பது எப்போதும் ஒரே வரிசையில் இருக்கும். பந்து எங்கை? பாதை ஆருக்கு? ஓடினவள் என்ன செய்தவள்? முட்டினார்களா என்பதைக் கடைசியாகத்தான் கேட்பார். பல நாட்களில் கேட்கவே மாட்டார்.

புதுப் பிள்ளைகளுக்கான பதில் அந்த வரிசையிலேயே இருக்கிறது. அடித்த பந்து நிலத்தில் உருண்டு வருகிறது, அதை எடுக்க ஒருத்தி போகிறாள் என்றால் பாதை அவளுக்கு. ஓடுகிறவள்தான் விலகவேண்டும். விலகாவிட்டால் ஓடுகிறவள் அவுட். பந்து கையில் இல்லை, எடுக்கவும் போகவில்லை, சும்மா நிற்கிறாள் என்றால் பாதை ஓடுகிறவளுக்கு. அப்போது நிற்கிறவள் விலகவேண்டும். விலகாவிட்டால் மறிப்பு, ஓடுகிறவளுக்கு அடுத்த பேஸ் கிடைக்கும்.

இதை நான் முதன்முதலில் சொல்லிக் காட்டியது வேலணையில். இரண்டாம் பேஸிலிருந்து ஓடிய பிள்ளை, உருண்டு வந்த பந்தை எடுக்கக் குனிந்தவளோடு முட்டி விழுந்தாள். உதடு வெடித்து இரத்தம். எல்லோரும் குனிந்தவளைத் திட்ட, நான் விழுந்தவளுக்கு அவுட் கொடுத்தேன். குடையோடு ஒரு தாய் மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார்.

"விழுந்த பிள்ளைக்கோ அவுட்டு? உமக்குக் கண் இருக்கோ, நெஞ்சு இருக்கோ?"

"ரண்டும் இருக்கு அம்மா. கோட்டுக்கு வெளியாலை நிண்டு கேளுங்கோ."

பிறேமா அக்கா குறுகிய "ம்" ஒன்று தந்தார். அந்த ஒரு "ம்" எனக்கு ஒரு மாதத்துக்குப் போதுமாக இருந்தது. அன்றிலிருந்து எவரையும் எதையும் கேட்காத நடுவராகவே இரண்டு ஆண்டுகள் நின்றேன். சக நடுவரிடம் "நீங்கள் என்ன கண்டனீங்கள்?" என்று கேட்க விதி இடம் தருகிறது. நான் கேட்டதில்லை. நகரத்து ஆட்கள் பின்னால் நின்று "தீவுப் பிள்ளை" என்று சொல்லும் இடத்தில் எனக்குத் தெரியாது என்று காட்டுவதா? ஏலாது.

இனி நெடுந்தீவு.

மாவட்டப் பெண்கள் இறுதிப் போட்டி அங்கே நடந்தது. நெடுந்தீவுப் பிள்ளைகளும் நகர அணியும். வென்றால் கொழும்புக்குப் போகலாம். நெடுந்தீவிலிருந்து அதுவரை எந்த அணியும் போனதில்லை. எனக்கும் அது சோதனை நாள். ஓர் இறுதிப் போட்டியில் பிளேற்றுக்குப் பின்னால் நிற்பது அதுதான் முதல் தடவை. பிறேமா அக்கா பேஸ்களைப் பார்ப்பார், என்னையும் பார்ப்பார்.

குறிகட்டுவானில் படகேறியதுமே அக்கா தேசிக்காய் ஒன்றை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிவிட்டார். கடல் அவருக்கு ஒத்துவராது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கியதும் முதல் சொன்னது, "மைதானத்தைப் பாப்பம்."

மைதானத்தின் ஒரு பக்கம் முருகைக்கல் மதில். அதற்கு அப்பால் மாடுகள். ஆட்டத்துக்கு முன் இரண்டு அணித்தலைவிகளையும் கூப்பிட்டு அந்த இடத்துக்குரிய விதிகளைப் பேசித் தீர்ப்பது வழக்கம். பந்து மதில் பொந்துக்குள் போனால் இரண்டு பேஸ், மாட்டில் பட்டால் ஆட்டம் தொடரும் என்றேன். நெடுந்தீவின் கச்சரும் தலைவியுமான நிரோஜா கையைத் தூக்கினாள். அகன்ற தோள், சிரிக்காத முகம்.

"மாடு பந்தைக் கவ்விக்கொண்டு போனா, அக்கா?"

"மாட்டைப் பிடிச்சு அவுட்டாக்கும்" என்றார் பிறேமா அக்கா. முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

அப்பாவும் வந்திருந்தார். மகள் நடுவராக நிற்பதை ஒருநாளும் பார்த்ததில்லை என்று ஊர்காவற்றுறையிலிருந்து தன் படகிலேயே வந்து, மதிலில் ஏறி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர்களிடம் என்னைக் கைகாட்டுவது தூரத்திலிருந்தே தெரிந்தது.

கடைசி இன்னிங்ஸ் வரை ஆட்டம் இழுபட்டது. நெடுந்தீவு ஓர் ஓட்டம் முன்னால். நகர அணியில் இரண்டு பேர் அவுட். இரண்டாம் பேஸில் ஓர் ஓட்டக்காரி. இன்னொருத்தி அவுட் என்றால் கொழும்பு.

அடி விழுந்தது. பந்து மதில் பக்கம் போனது. இரண்டாம் பேஸில் நின்றவள் மூன்றாம் பேஸை மிதித்துத் திரும்பி நேரே ஹோமுக்கு ஓடி வந்தாள். நிரோஜா பிளேற்றுக்கு முன்னால் கோட்டில் போய் நின்றாள். காலை அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, இரண்டு கைகளையும் விரித்தாள். ஓடி வந்தவள் இடம் பாய்ந்தாள், நிரோஜா இடம் சரிந்தாள். வலம் பாய்ந்தாள், நிரோஜாவும் வலம் சரிந்தாள். அவள் தயங்கி நின்ற நேரத்தில் பந்து வந்து நிரோஜாவின் கையுறைக்குள் விழுந்தது. நிரோஜா மெதுவாக அவள் தோளில் தொட்டாள்.

"அவுட்!" என்று கையை மடக்கிக் குத்தினேன். இருவரும் முட்டவே இல்லை. எவ்வளவு சுத்தம் என்று நினைத்தேன்.

மைதானம் நிறைந்துவிட்டது. நெடுந்தீவுப் பிள்ளைகள் நிரோஜாவின் மேல் விழுந்து கட்டிப்பிடித்தார்கள். நகர அணியின் பயிற்றுநர் மட்டும் ஓடாமல் நடந்து என்னிடம் வந்தார்.

"மிஸ், அது மறிப்பு."

"முட்டேல்லை சேர்."

"முட்டத் தேவையில்லையே மிஸ்."

அவர் குரலை உயர்த்தியிருந்தால் நான் அவரைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அவர் உயர்த்தவில்லை. அப்போதுதான் நான் திரும்பி நிரோஜா நின்ற இடத்தைப் பார்த்தேன். நான் ஏன் அதைச் சுத்தம் என்று நினைத்தேன்? நிரோஜா நின்ற நிலை எனக்கு நன்றாகத் தெரிந்த நிலை. அது கிளித்தட்டு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிளித்தட்டில் தரையில் பெட்டி பெட்டியாகக் கோடு கீறுவோம். ஒவ்வொரு கோட்டிலும் ஒருத்தி கையை விரித்து நின்று மறிப்பாள். மற்ற அணி தொடுபடாமல் கோடுகளைத் தாண்டவேண்டும். தீவில் பிறந்தவர்களுக்குக் கோட்டில் நிற்கிறவள்தான் கோட்டுக்குச் சொந்தக்காரி. நிரோஜா அந்தப் பழக்கத்தில் நின்றாள். நான் அந்தப் பழக்கத்தில் பார்த்தேன். இன்னும் சொன்னால், என்ன அழகாய் மறிக்கிறாள் என்று இரசித்துக்கொண்டு நின்றேன். கொப்பியில் நானே தமிழில் எழுதிய விதி, அந்த நேரம் என் கண்ணுக்குள் இருக்கவில்லை.

பிறேமா அக்காவைப் பார்த்தேன். அவர் இரண்டாம் பேஸுக்குப் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கண்டிருப்பார். ஆனால் தீர்ப்புச் சொன்ன நடுவர் தானாகக் கேட்டாலொழிய இன்னொரு நடுவர் வாய் திறக்கக்கூடாது என்பதும் விதி. அந்த விதியை அவர் மீறமாட்டார். நான் கேட்காவிட்டால் அது அவுட்தான். நெடுந்தீவு கொழும்புக்குப் போகும். மதிலில் அப்பா எழும்பி நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்.

பிளேற்றிலிருந்து அவரிடம் நடந்த அந்தத் தூரம் எனக்கு மிக நீளமாக இருந்தது.

"அக்கா, நீங்கள் என்ன கண்டனீங்கள்?"

அவர் தாழ்ந்த குரலில், கடிதத்தில் முகவரி வாசிப்பதுபோலச் சொன்னார். "அவள் கையை விரிக்கேக்கை பந்து ரண்டாம் மூண்டாம் பேஸுக்கு நடுவிலை, ஷோட்டிலை நிண்டவளின்ரை கையிலை. எறியவே இல்லை. ஓடி வந்தவள் ரண்டு தரம் காலை மாத்தினவள். முட்டேல்லை." பிறகு ஒரு மூச்சு விட்டார். "தீர்ப்பு உம்மடை."

திரும்பி வந்தேன். இரண்டு கைகளையும் உயர்த்தி, "மறிப்பு! ஓட்டம் சரி" என்று பிளேற்றைக் காட்டினேன். சத்தம் முதலில் நின்றது. பிறகு வேறு விதமாகத் தொடங்கியது.

"படிச்ச பிள்ளைக்கு இப்பதான் விடிஞ்சிருக்கு!"

"ரவுண் ஆக்கள் வெண்டாத்தான் உங்களுக்கு வீடு போகலாமோ?"

நிரோஜா என் முன்னால் வந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது, குரல் நடுங்கவில்லை. "நான் அவளைத் தொடவே இல்லையே அக்கா."

"ஓம், தொடேல்லை. பந்து இல்லாமல் கோட்டிலை நிண்டனீர். பந்து கைக்கு வந்தாப் பிறகு கோடு உம்மடை. அதுக்கு முதல் அவளின்ரை."

அவள் பிளேற்றைப் பார்த்தாள், மூன்றாம் பேஸைப் பார்த்தாள். "பந்து கையிலை இருந்தா முழுக்க மறிக்கலாமோ?"

"முழுக்க மறிக்கலாம்."

முகமூடியை இழுத்துவிட்டுப் போய்க் குந்தினாள்.

இப்போது ஓட்டங்கள் சமன். அந்த அடியை அடித்தவள் இரண்டாம் பேஸில் நின்றாள். அடுத்தவளும் அடித்தாள், அதே மதில் பக்கம். அதே ஓட்டம், அதே கோடு. நிரோஜா இம்முறை கோட்டுக்கு உள்ளே, பிளேற்றின் ஓரத்தில் நின்றாள். பாதை திறந்து கிடந்தது. பந்து வந்தது. அதைப் பிடித்த பிறகுதான் ஓர் அடி எடுத்து வைத்துக் கோட்டை மூடினாள். ஓடி வந்தவள் பிளேற்றுக்கு நேரே சறுக்கி அவள் கால்களுக்குள் புகுந்தாள். இருவரும் உருண்டார்கள். புழுதி என் முகமூடிக்குள்ளும் வந்தது. புழுதி அடங்கும்வரை காத்திருந்தேன். நிரோஜா படுத்தபடியே கையுறையை உயர்த்தினாள். உள்ளே பந்து.

"அவுட்!"

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் பிள்ளைகளே. முட்டாதது மறிப்பு. இரண்டு பேரும் உருண்டு முழங்கை உரிஞ்சிப் போனது சுத்தமான ஆட்டம்.

மேலதிக இன்னிங்ஸில் நெடுந்தீவு ஓர் ஓட்டத்தால் தோற்றது. நியாயமான தோல்வி. கேட்க நன்றாக இருக்கும் முடிவு அது இல்லை என்று தெரியும், ஆனால் நடந்தது அதுதான்.

ஆட்டம் நீண்டதால் எல்லோரும் படகுக்கு ஓடினார்கள். நகர அணிக்குத் தனிப் படகு காத்திருந்தது. நானும் பிறேமா அக்காவும் அறிக்கை எழுதிக் கையெழுத்து வாங்கி இறங்குதுறைக்கு வர, பயணிகள் படகு கடலுக்குள் போய்விட்டது. அங்கே ஒரு பெண் கையில் போத்தலோடு என்னை நோக்கி விறுவிறுவென்று வந்தார். நிரோஜாவின் தாய். மாடு வளர்க்கிறவர். நான் பின்வாங்கப் பார்த்தேன், பின்னால் கடல்.

"பிள்ளை, வெண்டாச்சு எண்டனீர், நான் அழுதனான். பிறகு இல்லை எண்டனீர், அதுக்கும் அழுதனான். முதலே சரியாய்ச் சொல்லியிருந்தா ஒருக்காலோடை முடிஞ்சிருக்கும்."

"பிழைதான் அம்மா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் போத்தலின் மூடியை இறுக்கினார். பிறகு போத்தலை நீட்டினார். "மோர். உந்த மிஸ்ஸுக்குக் கடல் சத்தியெண்டு சொல்லிச்சினம். இதைக் குடிக்கச் சொல்லும்."

மிஸ்ஸுக்கு அது தேவைப்பட்டது. எங்களுக்கு மிஞ்சியிருந்த ஒரே வழி அப்பாவின் படகு. இருபதடி நீளமும் இல்லாத, கூரையில்லாத மீன்பிடிப் படகு. பிறேமா அக்கா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூக்கால் ஒரு "ம்" விட்டார். பிறகு மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தேசிக்காயை எடுத்தார்.

கரை மறையும்வரை அப்பா சுக்கானைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்தார். பிறகு இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கேட்டார். "முதல் சொன்னது சரியோ, பிறகு சொன்னது சரியோ?"

"பிறகு சொன்னது."

"அப்ப முதல் சொன்னது?"

"பிழை, அப்பா."

அந்தச் சொல்லை அவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒன்று வந்ததும் மற்றதும் வந்தது. "அந்தக் கந்தோர்க் கடிதமும் பிழைதான். எனக்கு அந்தச் சிங்களம் விளங்கேல்லை. விளங்கேல்லை எண்டு சொல்ல வெக்கப்பட்டு வாசிச்சனான்."

"தெரியும்" என்றார் அப்பா.

"என்னெண்டு?"

"கந்தோர்க் காவல்காரன் கடிதத்தைப் பாத்திட்டு, ஐயா, திகதி வாற கிழமை எண்டவன்." சுக்கானைக் கொஞ்சம் திருப்பினார். "நீ அப்ப சின்னப் பிள்ளை. வீட்டிலை ஒருத்தருக்கும் தெரியாததை நீ மட்டும் வாசிக்கோணும் எண்டா, பாவம், ஆரைக் கேப்பாய்?"

கண்ணை மூடிக்கொண்டிருந்த பிறேமா அக்காவிடமிருந்து ஒரு குறுகிய "ம்" வந்தது. கடலில் அவர் வாய் திறந்ததை நான் கண்டது அந்த ஒரு நாள் மட்டும்தான்.

பிளேற் நடுவராக என்னை அந்த மாதமே உறுதிப்படுத்தினார்கள். அடுத்த ஆண்டு நெடுந்தீவு வென்றது, கொழும்புக்கும் போனது. நிரோஜாதான் இப்போது புதுப் பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுவை நடத்துகிறாள். என்னை அதில் சேர்த்ததும் அவளே.

சென்ற மாதம் எங்கள் கோயில் பெருநாளுக்கு விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். கிளித்தட்டு, வளர்ந்தவர்களுக்கு. குந்தத் தேவையில்லை என்பதால் என்னை நடுவராகப் பிடித்தார்கள். அறுபது தாண்டிய அப்பா நடுக் கோட்டில் கையை விரித்து நிற்க, ஓர் இளம் பெடியன் இடம் வலம் பாய்ந்து தாண்ட முடியாமல் தயங்கினான். என்னையறியாமல் என் இரண்டு கைகளும் மேலே போயின.

"மறிப்பு!"

மைதானம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்பா கையை விரித்தபடியே கேட்டார். "பிள்ளை, மறிக்கிறதுக்குத்தானே என்னை இஞ்சை விட்டிருக்கினம்?"

கையைக் கீழே இறக்கினேன். எல்லோரும் பார்க்க நடுக் கோடுவரை நடந்து போய் அவரிடம் கேட்டேன். "அப்பா, நீங்கள் என்ன கண்டனீங்கள்?"

"கோடு என்ரை. பெடியன் வரேல்லை. அவ்வளவுதான்."

நான் ஆயுளில் மாற்றிச் சொன்ன தீர்ப்புகள் இரண்டு. இரண்டாவது அது.